மலை ரயிலில் ராமா

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வரும்போது ஆர்தர் சி. கிளார்க்கின் ‘ராமாவுடன் சந்திப்பு’ என்ற அறிவியல் புனைகதை நாவலைக் கையில் எடுத்தேன். பாதிகூடத் தாண்டவில்லை. ஆட்கள் எல்லாம் மரக்கட்டைகள். நண்பர் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், குன்னூர்

பதில்: மலை ரயிலில் புத்தகமா! கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பதித்த பல்வரிசையைப் பல்சக்கரம் கவ்விக்கொள்ள, இன்ஜின் பின்னாலிருந்து முட்டித் தள்ள, பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரம் என்று வண்டி மேலே போகிறது. குகை வந்தால் பெட்டி மொத்தமும் ஊளையிடுகிறது. ஹில்குரோவில் இறங்கி நின்றால் குரங்கு வந்து கையிலிருக்கும் வடையைப் பிடுங்குகிறது. அந்த ஜன்னலோர சீட்டுக்கு ஊரே தவம் கிடக்க, நீங்கள் ராமா என்ற 50 கிலோமீட்டர் நீள உருளை விண்கலத்தை வெறித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உள்ளூர்க்காரர் என்றால் பஸ்ஸில் அல்லவா வந்திருக்க வேண்டும்?

சரி, கிளார்க். மரக்கட்டைகள்தான். கேப்டன் நார்ட்டனுக்கு மீசை உண்டா இல்லையா என்று கேட்டால் எனக்கும் தெரியாது. ஆனால் அந்த நாவலில் பார்க்க வேண்டிய ஆள் ராமாதான். உள்ளே கும்மிருட்டு. சூரியனை நெருங்க நெருங்க உறைந்து கிடந்த கடல் உருகுகிறது, புயல் கிளம்புகிறது. அதுவரை போனீர்களா? பாதி தாண்டவில்லை என்கிறீர்களே, சந்தேகமாக இருக்கிறது.

கோவையில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். விண்கலம் என்ற சொல்லைப் பார்த்தாலே ‘பாத்திரப் படைப்பு போதாது’ என்று விமர்சனம் எழுதி அனுப்பிவிடுவார். எங்களுக்குள் நெடுநாள் வழக்கு. அவருடைய நாவலில் பாத்திரங்கள் மட்டும்தான் இருக்கும், ஒன்றும் நடக்காது. திண்ணையில் உட்கார்ந்து 300 பக்கம் வருத்தப்படுவார்கள்.

வாய்ப்புக் கொடுங்கள், ஆனால் அதே புத்தகத்துக்கு வேண்டாம். ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ (1979) கிடைத்தால் எடுங்கள். பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டும் கதை. அதை நிலநடுக்கோட்டில்தான் கட்ட முடியும், இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. 1956 முதல் இலங்கையிலேயே குடியிருந்த மனிதர் என்ன செய்தார்? தீவையே தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்று பெயரும் வைத்துவிட்டார். லிஃப்ட்டுக்குத் தோதான மலையின் உச்சியில் ஒரு மடம். இடத்தைக் காலி செய்ய மாட்டோம் என்று பிக்குகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள் மரக்கட்டைகள் இல்லை. லிஃப்ட் போக வேண்டிய உயரம் 36,000 கிலோமீட்டர். ஊட்டி வரைக்குமான 46 கிலோமீட்டருக்கு நம் வண்டி ஐந்து மணி நேரம் எடுக்கிறது. அதே வேகத்தில் போனால் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். வடை ஏராளமாக வேண்டும், குரங்குத் தொல்லை மட்டும் இருக்காது.

நாவலுக்குப் பொறுமை இல்லையா? ‘கடவுளின் தொள்ளாயிரம் கோடி பெயர்கள்’ (1953) என்ற சிறுகதையைப் படியுங்கள். கடவுளின் பெயர்களையெல்லாம் எழுதி முடிக்கத் திபெத் மடம் ஒன்று கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுக்கிறது. கையால் எழுதினால் 15,000 ஆண்டு, மெஷினுக்கு நூறு நாள். முடிந்ததும் என்ன ஆகிறது என்பதை நான் சொல்ல மாட்டேன். ஊட்டிக்கு பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடலாம்.

நண்பர் அடுத்து ராமாவின் தொடர்ச்சிகளை நீட்டுவார். மூன்று இருக்கின்றன, ஜென்ட்ரி லீயோடு சேர்ந்து எழுதியவை. அவற்றில் பாத்திரங்கள் நிறைய, குடும்பத் தகராறும் உண்டு. வாங்கி வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், பேராசிரியரிடம் சேர்த்துவிடுகிறேன்.