உண்டியல் எடுக்கும் முன்: நிலநடுக்க நிதி பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: மியான்மர் நிலநடுக்கத்துக்காக எங்கள் நகர் நலச்சங்கம் சார்பில் நிதி திரட்ட நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், அஸ்தம்பட்டி

பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பல சங்கங்கள் வசூலை முடித்துவிட்டுத்தான் யாரிடம் கொடுப்பது என்று தேடுகின்றன. மியான்மர் விஷயத்தில் அந்தத் தேடல் வங்கி வாசலிலேயே நின்றுவிடும். 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் மாண்டலே, சகாயிங் பகுதிகளைக் குலுக்கிய நிலநடுக்கம் அது. வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்பத் தனிநபருக்கு வழி உண்டு. பான் எண்ணோடு வங்கியில் ஏ2 படிவம் கொடுக்க வேண்டும், நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு. இந்தச் சலுகை சங்கத்துக்கோ டிரஸ்டுக்கோ கிடையாது. டிரஸ்ட் தன் வருமானத்தை முன் ஒப்புதல் இல்லாமல் வெளிநாட்டில் செலவழித்தால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கும் போய்விடும். போதாக்குறைக்கு, பணமோசடித் தடுப்புக்கான எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பு 2022 அக்டோபரில் மியான்மரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. அதனால் வங்கிகள் துருவித் துருவிக் கேட்கும்.

எங்கள் யோசனை: சங்கம் பணத்தைத் தொடவே வேண்டாம். அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற, இங்கே சட்டப்படி நன்கொடை வாங்கக்கூடிய ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அதன் சொந்த வங்கிக் கணக்கை நோட்டீஸில் போட்டு, வீட்டுக்கு வீடு கொடுத்து, நேரடியாகக் கட்டச் சொல்லுங்கள். ரசீதும் அவரவர் பெயரிலேயே வரும்.

கேள்வி: 'நிலநடுக்கம், தாராளமாக உதவுங்கள்' என்று ஏரிப் பக்கம் பேனர் வைத்தோம். சுற்றுலா வந்தவர்கள் படித்துவிட்டு நடந்துவிடுகிறார்கள். என்ன தவறு?
– வாசகி, ஏற்காடு

பேனரில் கேட்டது இருக்கிறது, சொல்ல வேண்டியது இல்லை. கேட்பது யார், எந்த ஊருக்கு, யார் மூலம், எந்தத் தேதி வரை, மிச்சம் விழுந்தால் என்ன செய்வீர்கள் – இந்த ஐந்தும் வேண்டும். கடைசியானதை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. சந்தேகம் பிறப்பதோ அங்கேதான்.

கடையில் விலைப்பட்டியல் வாங்கி, ஒரு குடும்பத்துக்கான செலவைக் கணக்கிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: "வீடிழந்த ஒரு குடும்பத்துக்கு 2 தார்ப்பாய், 30 மீட்டர் கயிறு, 2 போர்வை: இவ்வளவு ரூபாய். 100 குடும்பங்களுக்குச் சேர்க்கிறோம். இன்று வரை 37." நாள்தோறும் அந்த எண்ணைச் சாக்பீஸால் மாற்றுங்கள். முழுத்தொகை கொடுக்க முடியாதவரும் கயிற்றுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்.

நாட்டுக்குள் கொடுக்கும் நிதிக்காக உண்டியல் வைத்தால், அதன் மூடி மேல் தாள் ஒட்டி மூன்று பேர் கையெழுத்துப் போடுங்கள். மாலையில் அதே மூவர் இருக்கும்போது திறந்து, நோட்டு வாரியாக எண்ணி எழுதி, மறுநாள் முழுத்தொகையையும் வங்கியில் கட்டிவிடுங்கள். டீச் செலவு, வண்டி வாடகை, பேனர் செலவு எதையும் அதிலிருந்து எடுக்கக் கூடாது. எடுத்தால் எண்ணிய தொகையும் பாஸ்புக்கும் ஒத்துப்போகாது, விளக்கம் சொல்லி மாளாது. கணக்கு ஒருவரது சொந்தக் கணக்காக இல்லாமல், இருவர் கையெழுத்துப் போடும் சங்கக் கணக்காக இருக்கட்டும். கியூஆர் அட்டை மேல் வேறு யாராவது தங்கள் அட்டையை ஒட்டிவிட்டுப் போவதுண்டு. தினமும் காலையில் ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் வரும் பெயரைச் சரிபாருங்கள். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவதும் நல்லது.

கேள்வி: நாட்டுக்குள் நிலநடுக்கம் வந்தால் பழைய துணி சேர்த்து அனுப்பலாமா?
– வாசகர், அம்மாபேட்டை

வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணி சாலையோரம் குவிந்து மழையில் நனைந்து வீணானதைத் தமிழ்நாடே பார்த்தது. பிரிக்க ஆளும் வைக்க இடமும் இல்லாத ஊருக்குக் கலப்பு மூட்டை இன்னொரு சுமை. குழந்தைகளுக்கான பால் பவுடரும் வேண்டாம். கலக்கும் தண்ணீர் கெட்டிருந்தால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும், தாய்ப்பாலும் குறையும். அதை இலவசமாக விநியோகிப்பதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது.

கேள்வி: 90 கிலோ மூட்டையாக 50 மூட்டை ஜவ்வரிசி தரத் தயார். எங்கே அனுப்புவது?
– சேகோ ஆலை வைத்திருக்கும் வாசகர், ஆத்தூர் சாலை

பெரிய மனது, ஐயா. ஆனால் விற்று, பணமாகக் கொடுங்கள். ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. ஊறவும் வேகவும் நல்ல தண்ணீரும் அடுப்பும் வேண்டும், குழாய் உடைந்த ஊரில் அந்த இரண்டும்தான் இருக்காது. 90 கிலோவை மலைப்பாதையில் தனி ஆளாக இறக்கவும் முடியாது. உணவுதான் கொடுப்பேன் என்றால் அவல், பொட்டுக்கடலை, வெல்லம். அதையும் 20 கிலோ மூட்டைகளாகக் கட்டி, ஒரு மூட்டையில் ஒரே பொருளை வைத்து, வெளியே பெயரும் எடையும் எழுதுங்கள்.

கேள்வி: காப்பி காயப்போடும் தார்ப்பாய்கள் எங்கள் தோட்டத்தில் நிறைய இருக்கின்றன. அவை உதவுமா?
– வாசகர், சேர்வராயன் மலை

இரண்டு மூன்று பருவம் வெயிலில் கிடந்தது வேண்டாம். பார்க்க நன்றாக இருந்தாலும் இழை நொறுங்கிப் போயிருக்கும், முதல் காற்றிலேயே கயிறு கட்டும் கண்ணி கிழியும். புதிதாக வாங்கினால் 4 மீட்டருக்கு 6 மீட்டர், சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை, ஓரம் மடித்து உள்ளே கயிறு வைத்துத் தைத்தது என்று கேட்டு வாங்குங்கள். அப்படிப்பட்ட ஒன்று ஏறக்குறைய 5 கிலோ இருக்கும். தராசில் வையுங்கள். 3 கிலோதான் காட்டினால் கடைக்காரர் சொன்ன கனம் அதில் இல்லை. ஆளுக்கு 3.5 சதுர மீட்டராவது கூரை வேண்டும் என்பது நிவாரண முகாம்களுக்கான அளவு. 24 சதுர மீட்டர் தார்ப்பாயைக் கூடாரமாகச் சாய்த்துக் கட்டினால் தரையில் பாதிதான் தேறும் என்பதால்தான் குடும்பத்துக்கு இரண்டு என்கிறோம்.

வீடு நின்றாலும் பின்னதிர்வுக்குப் பயந்து சனங்கள் வெளியேதான் படுப்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு மே 12-இல் மறுபடி 7.3 அளவில் ஆடியது. என்ன அனுப்புவது என்பதை அந்த ஊர்ப் பருவம்தான் சொல்ல வேண்டும். 2001 ஜனவரியில் குஜராத்தின் புஜ்ஜில் நிலநடுக்கம் வந்தபோது குளிர், ஆகவே கம்பளி. நேபாளத்தில் ஜூன் மழைக்குள் கூரை வேண்டியிருந்தது, ஆகவே தகரம், கடப்பாரை, கட்டுக்கம்பி.

கேள்வி: நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா? துபாயில் இருக்கும் மகன் எங்கள் சங்கத்துக்குப் பணம் அனுப்பலாமா?
– வாசகி, சூரமங்கலம்

80ஜி எனப்படும் வரிச்சலுகைப் பதிவுள்ள அமைப்புக்கோ முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கோ கொடுத்தால் பழைய வரி முறையில் உண்டு, புதிய முறையில் இல்லை. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் கிடையாது. போர்வையாகவோ அரிசியாகவோ கொடுத்தாலும் கிடையாது. அமைப்புக்குக் கொடுத்திருந்தால் வரிச்சலுகைக்கான நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மகன் இந்தியக் குடியுரிமையோடு இருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள், அம்மா. அவருடைய நண்பர் வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழராக இருந்தால், வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத சங்கம் அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.