கணிதத்தின் 'பேரழிவு'க்கும் யூதர்களின் பேரழிவு நினைவுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ரெனே தோம் வகுத்த பேரழிவுக் கோட்பாட்டில் சாவோ நாசமோ கிடையாது. காரணம் சிறுகச் சிறுக மாறிக்கொண்டிருக்க, விளைவு ஒரு கட்டத்தில் சட்டென்று தாவுகிறதே, அதுதான் அங்கே பேரழிவு. வளைத்துப் பிடித்த பிளாஸ்டிக் அளவுகோலை மெல்லத் தள்ளினால் திடீரென மறுபக்கம் புரளும். கட்டுப்படுத்தும் காரணிகள் நான்குக்கு மேல் போகாதவரை இத்தகைய தாவல்களுக்கு அடிப்படை வடிவங்கள் ஏழுதான்.

யூத நினைவோ அழிவுகளை ஒன்றோடொன்று இணைக்கிறது. எருசலேமில் பாபிலோனியர் இடித்த யூதர்களின் முதல் ஆலயம், கி.பி. 70இல் ரோமர் எரித்த இரண்டாம் ஆலயம் இரண்டுக்கும் யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் 9ஆம் நாளில் ஒரே நோன்பு. 1096இன் சிலுவைப்போர்ப் படுகொலைகளுக்கான இரங்கற்பாக்களும் அன்றே பாடப்படுகின்றன.

1933 முதல் படிப்படியாக இறுகிய நாஜிச் சட்டங்கள் இனப்படுகொலையாக மாறியதைத் தோமின் வரைபடத்தில் பொருத்தத் தோன்றலாம். நான் அதை ஏற்கமாட்டேன். அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர்கள் முடிவெடுத்தார்கள், கையெழுத்திட்டார்கள்.