வாசகர் கேள்வி பதில்: கடனாகாத பரிசுகள்

கேள்வி: மனிதர்கள் பிறருக்குக் கொடுத்த பரிசுகளுள் மிகவும் பொருள் பொதிந்தது என்று எதைச் சொல்வீர்கள்? எல்லோரும் சொல்லும் அதியமானின் நெல்லிக்கனியைத் தவிர்த்து வேறொன்றைச் சொல்லுங்கள்.

பதில்: தவிர்ப்பதற்கு முன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நெடுநாள் வாழவைக்கும் கனியைத் தான் உண்ணாமல் ஒளவையாருக்குக் கொடுத்தான் அதியமான் என்பதையே நாம் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். அந்தக் கனியின் பயனை வெளியே சொல்லாமல் தன் உள்ளத்துக்குள் அடக்கிக்கொண்டு கொடுத்தான் என்று ஒளவையாரே பாடியிருப்பதை அந்த அளவுக்குக் கவனிப்பதில்லை. சொல்லியிருந்தால் அவர் வாங்க மறுத்திருக்கக்கூடும். தன் தியாகத்தின் அளவைப் பெறுபவருக்குத் தெரியாமல் வைத்த அந்த அடக்கமே, என் பார்வையில், கனியைவிடப் பெரிய கொடை.

நீங்கள் கேட்ட வேறொன்றுக்கு வருகிறேன். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், 23 வயது ரொனால்டு ஹெரிக் தம் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தம்முடன் ஒரே சூலில் பிறந்த இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். அதற்கு முன் நடந்த சிறுநீரக மாற்று முயற்சிகள் எவற்றிலும் நீடித்த வெற்றி கிட்டியதில்லை. நோயே இல்லாத ஒருவரின் உடலை, அவருக்கு எந்த மருத்துவப் பயனும் இல்லாதபோது, கத்தியால் திறப்பது முறைதானா என்று ஜோசப் மரேயும் உடனிருந்த மருத்துவர்களும் நெடுநேரம் விவாதித்தார்கள்; சமயத் தலைவர்களிடமும் கருத்துக் கேட்டார்கள். அறுவைக்கு முந்தைய இரவு, வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுமாறு ரிச்சர்டு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார் என்பதும், இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று ரொனால்டு பதில் எழுதி அனுப்பினார் என்பதும் பதிவாகியுள்ளன. இந்தச் சம்பவத்தில் என்னை மிகவும் பாதிப்பவை அந்த இரண்டு சீட்டுகள்தாம். பெற வேண்டியவர் வேண்டாம் என்று சொல்வதற்கு இடம் இருந்தது. கொடுப்பவர் பின்வாங்குவதற்கும் இடம் இருந்தது. இருவரும் முழு விடுதலையோடு இருந்த நிலையில் அந்தப் பரிசு கைமாறியது.

ரிச்சர்டு அதன்பின் 8 ஆண்டுகள் வாழ்ந்தார். தம்மைக் கவனித்துக்கொண்ட செவிலியரையே மணந்து இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையானார். கணித ஆசிரியராகப் பணியாற்றிய ரொனால்டு, ஒற்றைச் சிறுநீரகத்தோடு 56 ஆண்டுகள் வாழ்ந்து 2010இல் மறைந்தார். ஜோசப் மரேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகெங்கும் இன்று நடக்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சைகள் அனைத்தும் அந்த ஒரு நாளுக்குக் கடன்பட்டவை.

கேள்வி: என் அண்ணன் தம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய் என்னைப் படிக்கவைத்தார். இன்று நான் நல்ல நிலையில் இருக்கிறேன். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. ஆனாலும் அவர் முன் உட்காரும்போதெல்லாம் கடன்காரியைப் போல உணர்கிறேன். பணம் கொடுத்தால் வாங்க மறுக்கிறார். இதை எப்படித் தீர்ப்பது?

பதில்: சகோதரி, தீர்க்க முடியாததைத் தீர்க்க முயல்வதால்தான் உங்களுக்கு இந்தத் துன்பம். உங்கள் உணர்வு நன்றிகெட்டதனமும் அன்று, புதியதும் அன்று. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கட்டுரையில், பல சமுதாயங்களின் வழக்கங்களை ஒப்பிட்டு, கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பித் தருவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்த கடமைகளாக இருப்பதைக் காட்டினார். மாற்று உறுப்புப் பெற்றவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ரெனே ஃபாக்ஸ், ஜூடித் ஸ்வேஸி என்னும் இருவர், ஒருபோதும் ஈடுசெய்ய முடியாத பரிசைப் பெற்றவர்கள் அதன் பாரத்தில் நசுங்குவதைக் கண்டு, அதைக் கொடையின் கொடுங்கோன்மை என்றே அழைத்தார்கள். கொடுத்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தப் பாரம் வரக்கூடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அளந்து வாங்கி, குறித்த அளவில் திருப்பித் தருவதற்குப் பழந்தமிழில் குறியெதிர்ப்பை என்று ஒரு சொல் உண்டு. உங்கள் அண்ணன் கொடுத்தது குறியெதிர்ப்பை அன்று. அவர் பணத்தை மறுப்பது வீம்பினால் என்று நான் நினைக்கவில்லை. வாங்கிவிட்டால் தாம் கொடுத்தது வெறும் கடனாகச் சுருங்கிவிடும் என்பதை அவர் உள்ளூர அறிந்திருக்க வேண்டும்.

ஈடு என்பது கொடுத்தவரிடமேதான் திரும்ப வேண்டும் என்பதும் இல்லை. 1847இல் அயர்லாந்து மக்கள் பெரும் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தபோது, அமெரிக்கப் பழங்குடிகளான சாக்டா மக்கள் தங்களுக்குள் 170 டாலர் திரட்டி அவர்களுக்கு அனுப்பினார்கள். சொந்த நிலத்திலிருந்து சாக்டா மக்கள் விரட்டப்படத் தொடங்கியது 1831இல். வழியில் ஆயிரக்கணக்கானோரைப் பசிக்கும் குளிருக்கும் நோய்க்கும் பலிகொடுத்து 20 ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், கடலுக்கு அப்பால் பசித்திருந்த முகமறியாத மக்களுக்காக அவர்கள் கொடுத்த பணம் அது. அயர்லாந்தின் மிடில்டன் ஊரில் இதற்கு ஒரு நினைவுச் சிற்பம் இருக்கிறது. 2020இல் பெருந்தொற்று நவஹோ, ஹோப்பி என்னும் வேறு இரு பழங்குடி மக்களைக் கடுமையாகத் தாக்கியபோது, அயர்லாந்து மக்கள் பலர் 1847ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து அவர்களுக்குப் பணம் அனுப்பினார்கள். 173 ஆண்டுகளுக்குப் பின், அந்த ஈடு கொடுத்தவர்களுக்கு அல்லாமல் வேறொருவருக்குச் சென்றது.

ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அதை அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அவரிடம் பணத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, அந்த வயதில் என்ன படிக்க ஆசைப்பட்டார் என்று ஒருமுறை கேளுங்கள். இத்தனை ஆண்டுகளில் அதை அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பதில் சொல்ல அவருக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்படலாம், அவசரமின்றி உடனிருங்கள்.

கேள்வி: முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு விலையுயர்ந்த கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகளாகப் பெட்டியோடு அலமாரியிலேயே இருக்கிறது. மனம் வலிக்கிறது.

பதில்: விலை கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்பது கொடுப்பவரின் நம்பிக்கைதான். ஃபிரான்சிஸ் ஃபிளின் என்னும் ஆய்வாளர் உடன் ஆய்வாளருடன் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றவர்களின் மதிப்புக்கும் பரிசின் விலைக்கும் அப்படிப்பட்ட தொடர்பு காணப்படவில்லை. 2011இல் அவரும் ஃபிரான்செஸ்கா ஜீனோவும் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, வாய்விட்டுக் கேட்ட பொருள் கிடைத்தபோதே பெறுபவர்கள் கூடுதலாக மகிழ்ந்தார்கள் என்பதையும், கொடுப்பவர்களோ தாங்களாகத் தேர்ந்தெடுப்பதும் அதே அளவு மகிழ்ச்சி தரும் என்று தவறாக எண்ணினார்கள் என்பதையும் காட்டியது. அப்பாவிடம் கேட்பது அன்பில் குறைவு ஆகாது. ஆனால் பெட்டியோடு பத்திரமாக வைத்திருப்பதைப் புறக்கணிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கீறல் விழுந்துவிடுமோ என்று அஞ்சியே அணியாமல் வைத்திருக்கும் தந்தையரை நான் அறிவேன்.

கேள்வி: பணமாகக் கொடுப்பது சிறந்ததா, நேரமாகக் கொடுப்பது சிறந்ததா?

பதில்: எது குறைவாக இருக்கிறதோ அது. என் துணைவி மறைந்தபோது ஆறுதல் சொன்னவர்கள் பலர். ஒரு நண்பர் மட்டும் ஆறுதல் எதுவும் சொல்லாமல், என் கையிலிருந்த காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த சில வாரங்கள் சான்றிதழுக்கும் வங்கிக் கணக்குக்கும் காப்பீட்டுக்குமாக ஒவ்வோர் அலுவலகத்திலும் என் பொருட்டு வரிசையில் நின்றார். எனக்குப் பணம் இருந்தது. அந்த வரிசைகளில் நின்று என் துணைவியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வலிமைதான் இல்லை.

கேள்வி: யாரென்றே தெரியாதவருக்குக் கொடுப்பது பரிசாகுமா, தானம் என்றுதானே அதைச் சொல்ல வேண்டும்?

பதில்: சொல்லில் என்ன இருக்கிறது என்று ஒதுக்கிவிட மாட்டேன், தானம் என்னும்போது கொடுப்பவர் ஒரு படி மேலே நிற்பதாகத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு 14 வயதில் மார்பில் பெரிய அறுவை நடந்தபோது, முகம் தெரியாத பலரின் குருதி அவரைப் பிழைக்கவைத்தது. 18 வயதிலிருந்து 81 வயது வரை, 2018இல் நிறுத்தும்வரை, அவர் 1,173 முறை குருதியும் அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் கொடுத்தார். தாயின் குருதி வகையும் கருவின் குருதி வகையும் ஒவ்வாதபோது கருவைக் காக்கும் ஆன்டி-டி மருந்தைச் செய்வதற்கான எதிர்ப்பொருள் அவர் குருதியில் மிகுதியாக இருந்தது. ஊசியைப் பார்க்கவே அஞ்சியவர் அவர். ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாம் பெற்றதையே திரும்பக் கொடுத்தவரை மேலே நிற்பவர் என்று எப்படிச் சொல்வது? பரிசு என்றே சொல்லுவோம்.

கேள்வி: என் நோய் குணமாகாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மகளுக்கு ஆறு வயது. அவளுக்கு நான் எதை விட்டுச் செல்லலாம்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கடிதங்கள் எழுதி வைக்க நினைப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், எழுதுங்கள். ஆனால் இன்ன வயதில் இதைப் படி, இன்னாரைப் போல் நடந்துகொள் என்ற அறிவுரைகளைக் கூடியவரை குறைத்துக்கொள்ளுங்கள். உயிரோடிருக்கும் தாயின் சொல்லை மகள் மறுத்துப் பேசலாம், சண்டையிடலாம், பிறகு சமாதானமாகலாம். மறைந்த தாயின் சொல்லோடு அவளால் வாதிட முடியாது.

அவளுக்கு வேறெவரும் கொடுக்க முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. பெரியவர்களானபின் பெரும்பாலோரால் மூன்று, நான்கு வயதுக்கு முந்தைய எதையும் நினைவுகூர முடிவதில்லை. அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளும் துண்டு துண்டாகத்தான் எஞ்சுகின்றன. அந்த ஆண்டுகளில் அவள் எப்படி இருந்தாள் என்பதை எழுதுங்கள்: முதலில் எந்தச் சொல்லைப் பேசினாள், எதற்குப் பயந்தாள், எந்தச் சொல்லைத் தவறாக உச்சரித்தாள், உங்களை எப்படிச் சிரிக்கவைத்தாள் என்பவற்றை. சிலவற்றை உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். கைப்பேசியோடு அது தொலைந்துபோகாதபடி இரண்டு இடங்களில் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நீளம் வேண்டாம், உடல் இடம் கொடுக்கும் நாள்களில் பத்து வரி போதும், தேதி மட்டும் போடுங்கள். உறையின் மேல் எந்த வயதில் பிரிக்க வேண்டும் என்று எழுதாதீர்கள். அவளுக்கு வேண்டும்போது அவளே பிரித்துக்கொள்ளட்டும்.