சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருப்பதால் எழுதுகிறவருக்கு என்ன லாபம்?

பணத்தைக் கேட்கிறீர்கள் என்றால், ஒன்றுமில்லை. நீங்கள் எழுதுகிறவர், யாரோ நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள், சொந்த எழுத்து கெட்டுவிடுமோ என்று தயங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நேரம் போகத்தான் செய்யும். இருந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்தவை 118 கதைகள். பெயரை நீக்கி எண் மட்டும் போட்டிருந்தார்கள். முதல் இருபதில் ஏழு கதைகள் அலாரம் அடித்து யாரோ கண்விழிப்பதில் தொடங்கின. நான்கில் கடைசியில் எல்லாம் கனவு. ஒரு கதையில் இரண்டு பத்தி மழை பெய்து ஓய்ந்த பிறகுதான் ஆள் நடமாட்டமே. "மழையை வெட்டலாம்" என்று ஓரத்தில் குறித்தேன். அன்று ராத்திரி, பாதியில் நின்றுபோன என் கதையைத் திறந்தால் அதிலும் மழை. அதே இரண்டு பத்தி. ஐந்து மாதமாக அதைத்தான் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்டினேன், கதைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நல்ல கதைகளைப் படித்தே இதைக் கற்கலாமே என்பீர்கள். கற்கலாம்தான். ஆனால் நன்றாக வந்த கதையில் தையல் தெரியாது. அரைகுறையாக வந்ததில்தான் எங்கே பிரிகிறது என்று தெரியும்.

அப்புறம் அந்த 63-ஆம் எண் கதை. இறந்துபோன அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லாம் மங்கலாகத் தெரிய வீட்டைச் சுற்றிவரும் ஒரு பெண். எனக்கு அதுதான் முதல். மற்ற நடுவருக்கு அது அறவே பிடிக்கவில்லை, அவர் தூக்கிப்பிடித்த கதை எனக்கு ஒட்டவில்லை. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, இருவரும் இரண்டாவதாக வைத்திருந்த கதைக்குப் பரிசைக் கொடுத்தோம். 2019-ல் ஆங்கில நாவலுக்கான புக்கர் பரிசின் நடுவர்கள், பரிசைப் பிரிக்கக் கூடாது என்ற விதியை மீறியே இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். எங்களுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. 63-ஐ எழுதியவர் தன் கதை தேறவில்லை என்றே நினைத்திருப்பார். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்து இரண்டு கதைகளைக் கிழித்துப் போட்டவன்.

"மதிப்பெண் போட நீ யார்?" என்று கேட்க வருகிறவர்களுக்கு: நியாயமான கேள்விதான். களைப்பில் கடைசி முப்பது கதைகளை ஓட்டமாக ஓட்டினேன். மனசு உறுத்தி, மறுநாள் பின்னாலிருந்து திரும்பப் படித்தேன். நான்கின் மதிப்பெண் மாறியது.

இவ்வளவும் செய்தவனுக்கு, விழா அழைப்பிதழில் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். எழுத்துப் போட்டி நடத்துகிறவர்கள்! கேட்டதற்கு, "ஒரு எழுத்துதானே சார்" என்றார்கள்.