வெளிநாட்டு ஆய்வு ஃபெலோஷிப்: முதலில் கேள்வி, அப்புறம் விண்ணப்பம்

வாசகர் கேள்வி: பொது சுகாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் நாட்டின் அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றில் காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கான ஃபெலோஷிப்களுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. பெரிய ஆய்விதழ்களில் கட்டுரை வராததுதான் காரணமா? அடுத்து எதற்கு முயல்வது?

பதில்: ஆய்விதழின் பெயர் மட்டுமே உங்களைத் தடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆய்விதழின் தாக்கக் குறியீட்டை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவை) வைத்து ஆய்வாளரை எடைபோடுவதில்லை என்று சொல்லும் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012-இல் உருவானது. அதில் கையெழுத்திட்ட நிதி அமைப்புகளில் லண்டனில் உள்ள வெல்கம் அறக்கட்டளையும் ஒன்று. கட்டுரையே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. நீங்கள் செய்த வேலையால் என்ன மாறியது என்பதைச் சொல்ல இன்று விண்ணப்பத்திலேயே இடம் இருக்கிறது. உங்கள் கண்டுபிடிப்பால் ஒரு மாவட்டத்தின் மருந்து விநியோக முறை மாறியிருந்தால், அதைத் தயங்காமல் எழுதுங்கள்.

நான் பார்த்தவரை, நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆய்வுக் கேள்வியிலேயே சறுக்குகின்றன. "காசநோயாளிகள் சிகிச்சையை இடையில் நிறுத்துவதற்கான காரணங்கள்" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், பலர் எழுதியும்விட்டார்கள். சாதாரணக் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். முதல் கட்டம் முடிவதற்குள்ளேயே பலருக்கு உடம்பு தேறிவிடும், இருமல் நின்றுவிடும்; இனி மருந்து எதற்கு என்று தோன்றும். அப்படியானால் கேள்வியை இப்படித் திருப்பிப் பாருங்கள்: "இரண்டாம் கட்டத்துக்கு மாறும் அந்த வாரங்களில் எத்தனை பேர் விலகுகிறார்கள்? அப்போது களப்பணியாளர் ஒருமுறை வீட்டுக்குப் போய்வந்தால் விலகல் குறைகிறதா?" இதற்கான சிகிச்சைப் பதிவேடுகள் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கின்றன. களப்பணியாளர்களை உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு இந்த இரண்டும் எளிதில் வாய்க்காது. "இதைச் செய்ய இவர்தான் சரியான ஆள்" என்று தேர்வுக் குழுவுக்கு அங்கேயே புரிந்துவிடும்.

இந்த மாதிரிக் கேள்விகளைச் சின்னக் கேள்விகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, இந்தியாவின் மேற்கு வங்கத்தில் உள்ள பொன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. உப்பும் சர்க்கரையும் நீரில் கலந்து குடிக்கக் கொடுக்கும் வாய்வழி நீரேற்றுக் கரைசல் பலன் தரும் என்பது மருத்துவமனைச் சூழலில் ஏற்கெனவே நிரூபணமான விஷயம். பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாமல், நோயாளியின் வீட்டாரே கொடுத்தாலும் அது பலன் தருமா என்பதுதான் அங்கே சிகிச்சையளித்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் முன் நின்ற கேள்வி. சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, அவரது பொறுப்பில் இருந்தவர்களிடம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. களத்தில் இருந்தவருக்கு மட்டுமே எழக்கூடிய கேள்வி அது.

சரி, எங்கே விண்ணப்பிப்பது? ஃபெலோஷிப்களில் உங்களை வெளியே அழைத்துப் போகும் வகை ஒன்று, சொந்த நிறுவனத்திலேயே இருந்து ஆய்வு செய்ய நிதி தரும் வகை இன்னொன்று. பெரும்பாலோர் முதல் வகையை மட்டுமே தேடுகிறார்கள். ஹார்வர்டில் 1983 முதல் நடக்கும், சர்வதேச சுகாதார ஆய்வுக்கான டகேமி திட்டம் அந்த வகை. பணியில் ஓரளவு அனுபவம் சேர்ந்தவர்களுக்கானது. உலக சுகாதார நிறுவனத்தில் இயங்கும், 1975-இல் தொடங்கிய டிடிஆர் என்ற வெப்பமண்டல நோய் ஆய்வுத் திட்டம், மருந்து நிறுவனங்களிலும் ஆய்வு அமைப்புகளிலும் ஓராண்டுப் பயிற்சி கொடுத்து, அப்புறம் சொந்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பும் ஃபெலோஷிப்பை நடத்திவந்திருக்கிறது. உங்கள் நிலையில் நான் இரண்டாம் வகையை முதலில் பார்ப்பேன், ஏனென்றால் உங்கள் பலம் முழுவதும் உங்கள் களத்தில் இருக்கிறது. வெல்கமின் தொடக்கநிலை ஆய்வாளர் விருது அந்த வகை. நீங்கள் பெண்ணாக இருந்தால், இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரிலிருந்து இயங்கும் வளரும் உலகின் பெண் அறிவியலாளர்களுக்கான அமைப்பையும் பாருங்கள். அறிவியலில் பின்தங்கிய நாடுகள் என்று அது பட்டியலிட்டிருக்கும் நாடுகளின் பெண்களுக்கு, சொந்த நிறுவனத்தில் ஆய்வு நடத்த 50,000 டாலர் வரை தருகிறது.

தகுதி விதிகளை வரிவரியாகப் படியுங்கள், இங்கே அவசரம் கூடாது. வெல்கம் விருதில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் வழக்கமாக மூன்று ஆண்டுக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டரை ஆகிவிட்டது. பேறுகால விடுப்பு, நீண்ட நோய் போன்ற இடைவெளிகளைக் கழித்துக்கொள்ளலாம். கழித்தால் எவ்வளவு வருகிறது என்று இப்போதே கணக்கிடுங்கள். "வளரும் நாடு" என்பதற்கும் ஒரே பட்டியல் கிடையாது. உலக வங்கியின் வருமான வகைப்பாடு ஆண்டுதோறும் ஜூலை 1-இல் மாறுகிறது. போன வருடம் தகுதி பெற்ற நாடு இந்த வருடம் வெளியே நிற்கலாம். பட்டியலில் இருந்தும் விதிவிலக்காகும் நாடுகள் உண்டு: இந்தியாவில் இருந்து வேலை செய்பவர்களை வெல்கம் தன் பொதுத் திட்டங்களில் சேர்ப்பதில்லை, அவர்களுக்கு இந்தியா அலையன்ஸ் என்ற தனி அமைப்பு இருக்கிறது. சில திட்டங்கள் குடியுரிமையைப் பார்க்கின்றன, சில நீங்கள் பணிபுரியும் நாட்டைப் பார்க்கின்றன.

வழிகாட்டிக்கு எழுதும் கடிதம் இன்னொரு முக்கியமான இடம். "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, உங்கள் துறையில் எனக்கு ஆர்வம் உண்டு" என்ற கடிதம் அவர்களுக்குத் தினமும் வருகிறது. உங்கள் கடிதம் பத்து வரிக்குள் முடியட்டும். கேள்வி ஒரு வரி, கையில் என்ன தரவு இருக்கிறது என்று ஒரு வரி, அவருடைய எந்த ஆய்வுமுறை உங்களுக்குத் தேவை என்று ஒரு வரி, எந்தத் திட்டம், கடைசித் தேதி என்ன என்று ஒரு வரி. ஒரு பக்கச் சுருக்கத்தை இணையுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதில் தப்பில்லை. உள்ளூரிலும் ஒரு வழிகாட்டி இருக்கட்டும். தொலைவில் இருப்பவருக்குப் புள்ளியியல் தெரியும். மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்கித் தர உள்ளூர்க்காரரால்தான் முடியும்.

உங்கள் நிறுவனத்தின் ஆதரவுக் கடிதத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். "இவர் விண்ணப்பிப்பதில் ஆட்சேபனை இல்லை" என்ற கடிதத்தால் பெரிய பயன் இல்லை. ஆய்வுக்கு எத்தனை நாள் ஒதுக்குவார்கள், திரும்பி வந்தால் அதே பதவி இருக்குமா, பதிவேடுகளைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று எழுதி வாங்குங்கள். கடிதத்தின் வரைவை நீங்களே எழுதிக்கொண்டு போனால் இயக்குநருக்கும் வசதி.

அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்றப் பயண விசாவில் போவதாக இருந்தால் வீட்டில் கலந்து பேசிவிடுங்கள். அரசு நிதியில் போகிறவர்களும், அவரவர் நாட்டுக்குத் தேவையான துறைகள் என்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் திறன் பட்டியலில் உள்ள துறையினரும், அங்கே வேலை விசாவோ நிரந்தரக் குடியிருப்போ பெற வேண்டுமானால் முதலில் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற விதி இருக்கிறது.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நிராகரிக்கப்பட்ட இரண்டு விண்ணப்பங்களுக்கும் மதிப்பீட்டாளர் கருத்துகள் வந்திருந்தால் எடுத்து வைத்துப் படியுங்கள். வராவிட்டால் அந்த அமைப்புகளுக்கு எழுதிக் கேளுங்கள்; சில அமைப்புகள் கேட்டால் தருவதுண்டு. இரண்டிலும் ஒரே குறையைச் சொல்லியிருந்தால், அடுத்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.