முடக்கு வாதமும் விசேஷ வீடும்: கேள்வி பதில்

14 வருடமாக முடக்கு வாதத்தோடு (சரவாங்கி, மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்) இருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உடம்பில் இருக்கிற தெம்பை எப்படிச் செலவழிப்பது, யாரிடம் எப்படி ‘முடியாது’ என்பது, இதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

கேள்வி: வலி குறைந்த நாளில் மாவாட்டி, துணி துவைத்து, வீடு துடைத்துவிடுகிறேன் அக்கா. அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை.

பதில்: நானும் பல வருடம் இப்படித்தான் விழுந்தேன் தங்கச்சி. கவனம் வேண்டியது நல்ல நாளில்தான். இது வேலை செய்த அலுப்பு மட்டும் இல்லை. உள்ளே நடக்கும் அழற்சியே ஆளைச் சாய்க்கும், பலருக்கு ரத்தசோகையும் சேரும். ஒரு ராத்திரி தூங்கினால் தீரும் என்று நம்பி வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். களைப்பதற்கு முன்பே உட்காருங்கள். நான் கடிகாரம் பார்த்து 20 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு என்று வைத்திருக்கிறேன். மாவாட்டும் நாளில் துணி வேண்டாம். மாவை வழிப்பதும் ஈரத்துணியைப் பிழிவதும் அதே விரல் மூட்டுகளைத்தான் படுத்தும். காலையில் எனக்கு விரல் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெந்நீரில் கை வைத்து, இறுக்கம் விடும்வரை கனமான எதையும் தூக்கமாட்டேன்.

கேள்வி: நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. முந்தின நாளே சமையலுக்கு வரச் சொல்கிறார்கள். “பார்த்தா நல்லாத்தானே இருக்கே” என்கிறார்கள்.

பதில்: அதற்காக ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி வாதாடினால் மிச்சத் தெம்பும் போகும். இன்றைக்கே ஃபோன் செய்யுங்கள்: “அண்ணி, வளையல் போடுற நேரத்துக்கு வந்துடுறேன், ரெண்டு மணி நேரம் இருப்பேன். பூ நான் வாங்கிட்டு வர்றேன். அடுப்படியில நிக்க என்னால முடியாது.” அதோடு நிறுத்துங்கள். காரணம் அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி சொல்லி வரவழைத்துவிடுவார்கள். மறுநாளைக் காலியாக வையுங்கள்.

கேள்வி: இந்த நோய்க்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போடுகிறேன். மறுநாள் குமட்டல், ஆபீஸில் உட்கார முடியவில்லை.

பதில்: மருத்துவரிடம் கேட்டுவிட்டு நான் வெள்ளி இரவுக்கு மாற்றிக்கொண்டேன் தம்பி, சனி எனக்கு லீவு. ஃபோலிக் ஆசிட் (ஒரு வைட்டமின்) பற்றியும் அவரிடம் கேளுங்கள். மாத்திரைக் கிழமையைக் காலண்டரில் வட்டமிடுங்கள். தவறிப்போய் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: என் மனைவிக்கு இந்த நோய். நான் எப்படி உதவுவது?

பதில்: “ஏதாவது செய்யணுமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்றுதான் சொல்வார். குக்கர் மூடி, தண்ணீர் கேன், ஈரத்துணி மூன்றையும் கேட்காமலே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் படுத்திருக்கும்போது உங்கள் வீட்டார் ஃபோன் செய்தால், “இன்னைக்கு அவளால முடியாது” என்று நீங்களே சொல்லுங்கள்.