மிஸ்ஸி அக்காவிடம் கேளுங்கள்: கைப்பிள்ளையும் மார்பகப் புற்றுநோயும்

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. நான் கீமோ (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிற) வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாதி, டாக்டர் இல்லை. மருந்து அளவு பற்றிக் கேட்டால் உங்கள் டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

கே: வயசு 31, பிள்ளைக்கு எட்டு மாசம், பால் கொடுக்கிறேன். இடது மார்பில் ஒரு கட்டி. பால் கட்டிக்கிச்சுன்னு மாத்திரை கொடுத்தாங்க. மூணு வாரமாச்சு, குறையவே இல்ல.

ப: பால் கட்டாகவே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், பயப்படாதீர்கள் தங்கச்சி. ஆனால் பால் கட்டு சில நாளில் இளகிவிடும். மாத்திரை முடிந்தும் அப்படியே கிடக்கிற கட்டிக்கு ஸ்கேன் வேண்டும். நாளைக்கே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) போய், பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். இளவயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும், பால் சுரக்கும்போது இன்னும் அடர்த்தி. மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் கட்டி மறைந்துபோகலாம். அதனால்தான் முதலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். அதற்காகப் பால் நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். ஊசி பட்டால் நோய் பரவும் என்று லயத்தில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மார்பு முழுக்கச் சிவந்து, தோல் தடித்துக் குழிகுழியாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். "சின்ன வயசு, உனக்கெல்லாம் வராது" என்று யாராவது சொன்னால் அந்தப் பதிலோடு வீடு திரும்பாதீர்கள்.

கே: கீமோ போகுது. துரியான் பிளாண்டா (முள்சீத்தா) இலையைக் கொதிக்க வச்சுக் குடிக்கலாமா?

ப: வேண்டாம். சோதனைக் குழாயில் செல்லைக் கொல்வது வேறு, மனித உடம்பில் நோயைக் குணமாக்குவது வேறு. குணமாக்கியதற்கு ஆதாரம் இல்லை. அதில் உள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்பைப் பாதிக்கக் கூடியது.

கே: கீமோ போட்டு எட்டாவது நாள். லேசா உடம்பு சுடுது. பனடோல் போட்டுப் படுத்துக்கவா? ராத்திரியில பிள்ளைகளை யார்கிட்ட விடுறது?

ப: படுக்காதீர்கள். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது வரும் கிருமித் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கு உலை வைத்துவிடும். முதலில் தெர்மோமீட்டர், அதற்கு முன் பனடோல் கூடாது, அது காய்ச்சலை மறைத்துவிடும். 38 டிகிரியோ அதற்கு மேலோ என்றால் நேராக அவசரப் பிரிவு. அங்கே வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியது: "கீமோ போட்டிருக்கேன், காய்ச்சல்." காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் போங்கள். பிள்ளைகளை யார் வைத்துக்கொள்வது, யார் கார் எடுப்பது என்று முதல் கீமோவுக்கு முன்பே பேசி வையுங்கள். செம்பனைக் காட்டு ரோட்டில் நடுராத்திரிக்கு டாக்சி கிடைக்காது.

கே: இலையைக் காயவச்சுத் தூளாக்கிச் சாப்பிட்டா?

ப: அதே இலைதான். மேலே படியுங்கள்.

கே: மகனுக்கு ஏழு, மகளுக்கு நாலு. பிள்ளைகளுக்கு ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு மாமியார் பிடிவாதமா இருக்காங்க.

ப: சொல்லுங்கள். எங்கள் வார்டுக்கு அம்மாவைப் பார்க்க வந்த ஒரு பையன் கட்டில் பக்கமே வரமாட்டான், கதவோரம் நின்று சட்டை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருப்பான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "தூக்கத்துல நான் அம்மாவை உதைச்சேன், அதான் கட்டி வந்துச்சு" என்றான். யாரும் அவனுக்கு எதையும் சொல்லவில்லை, அவனே ஒரு காரணம் தேடிக்கொண்டான். நோயின் பெயரைச் சொல்லுங்கள். அவர்களால் வரவில்லை, தொட்டால் ஒட்டாது, பள்ளிக்கு யார் கூட்டிப் போவார் என்ற மூன்றையும் சொல்லுங்கள். நாலு வயதுக்கு இதுவே போதும்.

ஒரு பாட்டியம்மா: எங்க காலத்துல சொல்லாமத்தான் வளர்த்தோம். பிஞ்சு மனசை எதுக்கு நோகடிக்கணும்?

ப: உங்கள் பாசம் புரிகிறது அம்மா. ஆனால் முடி கொட்டுவதையும், அடுப்பங்கரையில் அழுவதையும் பிள்ளை பார்க்கத்தானே செய்கிறது? முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்ட ஆரம்பிக்கும். அதற்கு முன்பே சொல்லுங்கள்.

ஒரு அண்ணன்: மகள் பள்ளியில சொல்லிட்டா. இப்போ தோட்டம் முழுக்கப் பேச்சு. நாளைக்கு அவளை யார் கட்டிக்குவாங்க?

ப: இந்தக் கேள்விதான் பெண்களை மாதக்கணக்கில் கட்டியை மறைக்க வைக்கிறது, தம்பி. மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவதில்லை. பிஆர்சிஏ (BRCA) என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக பாதிக்குப் பாதி வாய்ப்பு, அப்பா வழியிலும் போகும். பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பள்ளி விஷயத்துக்கு, வகுப்பு டீச்சரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். மகளை ஏசாதீர்கள்.

கே: தமொக்சிஃபென் (மார்பகப் புற்றுநோய் மாத்திரை) சாப்பிடுறேன். மாதவிலக்கு நின்னு போச்சு. இனி கர்ப்பம் ஆகாதுதானே?

ப: ஆகலாம், அந்த மருந்து கருவைப் பாதிக்கும். ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரையும் ஊசியும் உங்களுக்கு ஆகாது. ஆணுறையா, காப்பர் லூப்பா என்று டாக்டரிடம் பேசுங்கள். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்கள் கீமோ தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கே: பெக்கா பி40 (குறைந்த வருமானக்காரங்களுக்கான அரசாங்க சுகாதாரத் திட்டம்) பணம் எனக்கு உண்டா? வயசு 34.

ப: அது 40 வயதிலிருந்துதான். மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் பெயர் கொடுங்கள். தோட்டத்தில் சம்பளத்திலிருந்து சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா பிடித்திருந்தால், வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கான இயலாமைத் திட்டத்தையும் விசாரியுங்கள்.

கே: அக்குளில் ஆப்பரேஷன் செஞ்ச கையால செம்பனை உதிரிப்பழம் பொறுக்கலாமா?

ப: காயம் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு, தடித்த கையுறையோடு. முள் குத்தினால் உடனே கழுவுங்கள். கை சிவந்து சூடானால் அன்றைக்கே காட்டுங்கள்.

கே: பக்கத்து வீட்டு ஆண்ட்டி அந்த இலையிலதான் குணமானாங்க.

ப: அவர் ஆப்பரேஷன் செய்துகொண்டாரா என்று கேட்டுவிட்டு வாருங்கள். இலையைப் பற்றி இனி பதில் இல்லை.

கே: நெத்தியில கை வச்சா காய்ச்சல் தெரியாதா? தெர்மோமீட்டர் எதுக்கு?

ப: தெரியாது. 37.5க்கும் 38க்கும் உள்ள வித்தியாசத்தைக் கை சொல்லாது. இன்றைக்கே ஃபார்மசியில் வாங்குங்கள், பிள்ளைகள் விளையாட எடுக்காத இடத்தில் வையுங்கள்.